வீட்டுக் குட்டிக் கணினியின் ஐபி முகவரிச் சிக்கல்கள்: கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் முழுமையான வழிகாட்டி

டிவிக்குப் பின்னாலோ நெட் பெட்டிக்குப் பக்கத்திலோ ராஸ்பெர்ரி பை (இனிமேல் சுருக்கமாகப் பை) என்ற குட்டிக் கணினியையோ பழைய மினி பிசியையோ இரவும் பகலும் ஓடவிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடும்பப் படங்கள், கேமரா பதிவு, விளம்பரத் தடுப்பு என்று எதற்காக வைத்திருந்தாலும் ஒருநாள் அந்தப் புகார் வந்தே தீரும்: "நேத்து வரைக்கும் திறந்துச்சு, இன்னிக்குத் திறக்கலை." உடனே மெமரி கார்டைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ உட்காருகிறார்கள். வேண்டாத வேலை. பெரும்பாலும் கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் முகவரி மாறியிருக்கும், அல்லது வேறொரு முகவரியை நாம் தட்டிக்கொண்டிருப்போம்.

இதில் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். கணினிக்கு ஒரு முகவரி என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் மதுரை மேல மாசி வீதியில் முன்வாசலும் பக்கத்துச் சந்தில் பின்வாசலும் உள்ள வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருக்குமே, அதுபோலத்தான் இதுவும். லேன் வயர் மாட்டும் ஜாக் ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது கணினி வலையோடு சேரும் ஒரு வாசல். வைஃபை இன்னொரு இன்டர்ஃபேஸ். ஐபி முகவரி, அதாவது வலையில் அதை அடைய உதவும் எண், இன்டர்ஃபேஸுக்குத்தான் தரப்படுகிறது. ஆகவே "ஐபி என்ன?" என்று கேட்பதற்கு முன், "எந்த இன்டர்ஃபேஸின் ஐபி?" என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். கறுப்புத் திரையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள். இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் இடைவெளி விடுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் பட்டியலில் தேர்ந்தெடுக்கும் வழியையே சொல்கிறேன்.

முதலில் கணினியைப் பிடியுங்கள்

சிறந்த வழி டிவியில் மாட்டுவது. ஹெச்டிஎம்ஐ வயர் ஒன்றும் கீபோர்டு ஒன்றும் போதும். பை 4, பை 5 இரண்டிலும் இருப்பது மைக்ரோ ஹெச்டிஎம்ஐ. ஜீரோ வகைகளில் மினி. இந்த வயர்கள் அவசரத்துக்குக் கிடைக்காது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போகும்போது ஒன்று வாங்கிப் போட்டு வைத்துவிடுங்கள்.

திரை இல்லையா? கைப்பேசியில் ரவுட்டர் பக்கத்தைத் திறங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோஃபைபர் வீடுகளில் 192.168.29.1. உள்ளே இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் மேக் முகவரியின் (ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்) முதல் மூன்று ஜோடிகளை வைத்துப் பையை அடையாளம் காணலாம்: பி8:27:இபி, டிசி:ஏ6:32, இ4:5எஃப்:01, டி8:3ஏ:டிடி ஆகியவை ராஸ்பெர்ரி பைக்கு ஒதுக்கப்பட்டவை. ஒரே பெயரில் இரண்டு வரிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று வயர், இன்னொன்று வைஃபை. இரண்டுக்கும் மேக் முகவரி வேறு, ஐபியும் வேறு.

எண்ணே தெரியாமல் பெயரால் தேடவும் வழி உண்டு. கணினியின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'லோக்கல்' என்று சேர்த்து உலாவியில் அடித்துப் பாருங்கள். வீட்டுக்குள், ஒரே ரவுட்டரின் கீழ் இருந்தால் பெரும்பாலும் திறக்கும். ஆனால் விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் வைஃபையில் உங்கள் கைப்பேசி இருந்தால் திறக்காது. அந்த வைஃபை வீட்டுச் சாதனங்களைப் பார்க்க விடாது. அதற்காகத்தான் அது இருக்கிறது.

திரையில் வருவதை வாசிப்பது

கட்டளை: 'ஐபி ஏ'. ஐ, பி என்ற இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ஏ. அவ்வளவுதான். பழைய 'இஃப்கான்ஃபிக்' இன்னும் சில இடங்களில் வேலை செய்கிறது, ஆனால் இதற்குப் பழகிக்கொள்வது நல்லது.

வருகிற பட்டியலில் முதலாவது 'எல்ஓ', முகவரி 127.0.0.1. கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ளும் வழி இது. இதை வைத்து வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அடுத்தது 'ஈத்0', லேன் ஜாக். அப்புறம் 'டபிள்யூலேன்0', வைஃபை. டாக்கர் (நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருந்தால் 'டாக்கர்0' என்று ஒன்று 172.17.0.1 என்ற எண்ணோடு நிற்கும். இதைத்தான் பலர் பையின் முகவரி என்று நினைத்துக் கைப்பேசியில் அடித்துப் பார்த்துவிட்டுத் திண்டாடுவார்கள். அது டாக்கரின் உள்வேலைக்கு மட்டும், விட்டுவிடுங்கள்.

மினி பிசியாக இருந்தால் பெயர்கள் 'இஎன்பி3எஸ்0', 'டபிள்யூஎல்பி2எஸ்0' என்ற மாதிரி இருக்கும். அந்த எண்கள் மதர்போர்டில் கார்டு அமர்ந்திருக்கும் இடத்தைக் குறிப்பவை. புதிதாக ஓர் என்விஎம்இ டிஸ்க்கோ கார்டோ போட்டால் 'இஎன்பி3' என்பது 'இஎன்பி4' ஆகிவிடுவதுண்டு. பழைய பெயரில் எழுதிய அமைப்பு அப்படியே கிடக்கும், புதிய பெயரில் இருக்கும் ஜாக் முகவரி இல்லாமல் நிற்கும். "டிஸ்க் மாட்டினேன், நெட் போச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு இன்டர்ஃபேஸ் வரியிலும் கோண அடைப்புக்குள் சில சொற்கள் இருக்கும். 'அப்' என்றால் மென்பொருள் அதை இயக்கியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். 'லோயர் அப்' இருந்தால்தான் மறுமுனையோடு உண்மையில் தொடர்பு இருக்கிறது. 'நோ கேரியர்' என்று இருந்தால் வயரில் உயிர் இல்லை, அல்லது வயரே இல்லை. அப்போது முகவரியைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை. நேராக வயரைப் பார்க்கப் போகலாம்.

ஒரு சின்ன விஷயம். முகவரியை மட்டும் சுருக்கமாகப் பார்க்க 'ஹோஸ்ட்நேம்' என்று அடித்து, இடைவெளி, சிறு கோடு, அப்புறம் பெரிய எழுத்து ஐ. சின்ன எழுத்து ஐ அடித்தால் 127.0.1.1 என்று வந்து குழப்பும். கணினிக்குள் இருக்கும் பெயர்ப் பட்டியலில் எழுதியிருப்பதை அது ஒப்பிக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணே பாதி சொல்லிவிடும்

192.168 என்று தொடங்கினால் முகவரி கிடைத்துவிட்டது. 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவதும் இதே வகைதான். வீடு, அலுவலகங்களின் உள்பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை இவை. இங்கே கவனிக்க வேண்டியது மூன்றாவது எண். கைப்பேசி 192.168.1.23 என்றும் பை 192.168.0.50 என்றும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு வலையில் இருக்கின்றன. இதற்குத் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது. மதுரை வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது அதுதான்.

169.254 என்று தொடங்கினால் கணினி முகவரி கேட்டது, யாரும் தரவில்லை, தானே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டது. விண்டோஸும் பழைய பை மென்பொருளும் இப்படிச் செய்யும். புதிய பை மென்பொருளில் இது பொதுவாக நடக்காது. நான்கு எண் முகவரியே இல்லாமல் 'எஃப்இ80' என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும் நிற்கும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை.

'எஃப்இ80' மற்றபடி எல்லா நேரமும் இருப்பதுதான், அது ஒரு கோளாறு இல்லை. ஐபிவி6 (நீண்ட எண்களைக் கொண்ட புதிய முகவரி முறை) இயங்கும் எந்த இன்டர்ஃபேஸும் அதைத் தானே வைத்துக்கொள்ளும். 2 என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தால் நெட்காரர் தந்த உண்மையான ஐபிவி6 முகவரி வந்திருக்கிறது.

வயரும் வைஃபையும்

லேன் ஜாக்கில் விளக்கு எரியவில்லை என்றால், வயரை ரவுட்டரின் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள், அப்புறம் வயரையே மாற்றிப் பாருங்கள். மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்கோ பின்கட்டுக்கோ லேன் வயர் இழுத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ஜாக் கருகிப் போவதுண்டு. அப்படியானால் பையின் மற்ற பாகங்கள் நன்றாக ஓடும், ஜாக் மட்டும் செத்திருக்கும். நல்லவேளையாக வைஃபை இருக்கும், அல்லது யுஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் ஒரு புதிய இன்டர்ஃபேஸ், புதிய மேக் முகவரி என்பதை மறக்க வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் வேகம் 100 மெகாபிட்டுக்கு மேல் போகவில்லை என்றால் வயர் முனையைச் சந்தேகப்படுங்கள். 100க்கு நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கடிக்கவில்லை என்றால்கூட வேகம் இறங்கிவிடும். பை 3பி மற்றும் அதற்கு முந்தியவற்றில் ஜாக்கே 100தான், அதற்கு வயரைத் திட்டிப் பயனில்லை.

வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே தெரியவில்லையா? பை 3பி, ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பார்க்கும். ரவுட்டரில் அதை அணைத்துவிட்டு 5 மட்டும் வைத்திருந்தால் அவற்றைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் வைஃபையே இல்லை.

புதிதாக நிறுவிய பையில் வைஃபை அறவே எழவில்லை என்றால் நாட்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பீர்கள். நாடு தெரியாமல் வைஃபையை இயக்க விடமாட்டார்கள், ஏனென்றால் எந்தச் சேனலைப் பயன்படுத்தலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். 'சூடோ ராஸ்பி-கான்ஃபிக்' என்று அடித்து (சூடோ என்பது எஸ், யு, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்வது), லோக்கலைசேஷன் பகுதிக்குள் போய், டபிள்யூலேன் கன்ட்ரி என்பதில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அத்துடன் பூட்டு திறந்துவிடும்.

வைஃபை வருவதும் போவதுமாக இருந்தால் சார்ஜரைப் பாருங்கள். கைப்பேசி சார்ஜரில் பையை ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பை 5க்கு 5 ஆம்பியர். மின்னழுத்தம் குறைந்தால் திரையில் மின்னல் குறி வரும். திரையே இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும். இன்னொரு காரணம், பையை ஒட்டி வைத்திருக்கும் யுஎஸ்பி 3 டிஸ்க். யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். டிஸ்க்கைச் சற்று நீளமான வயரில் தள்ளி வையுங்கள், அல்லது பையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு

முகவரியை ரவுட்டர் தரும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். அது முகவரியைச் சொந்தமாகத் தருவதில்லை, குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்குத் தருகிறது. வாடகைக் காலம் பாதி ஆனதும் கணினி போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். இடைவிடாமல் ஓடும் கணினிக்கு அதே எண் மாதக்கணக்கில் நீடிப்பது இதனால்தான். நிலையான முகவரி என்று நாம் ஏமாந்துபோவதும் இதனால்தான்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் திரும்பி வருகிறது. பையும் நெட் பெட்டியும் ஒரே நொடியில் எழுகின்றன. பை அரை நிமிடத்தில் தயாராகி "எனக்கொரு முகவரி" என்று கேட்க ஆரம்பித்துவிடும். பெட்டி இன்னும் கண் விழித்திருக்காது. புதிய பை மென்பொருளில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் ஒவ்வொரு முறையும் 45 நொடி காத்திருக்கும். நான்கு முறை தோற்றால் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கேட்கும். ஆகவே கரண்ட் வந்த உடனே பையைத் தேடாதீர்கள். ஒரு பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் லேன் வயரைப் பிடுங்கி மாட்டுங்கள். அந்த அசைவைக் கண்டதும் அது உடனே கேட்கும்.

இதன் எதிர்மாறு இன்னும் தொல்லை. பை இன்வெர்ட்டரில் இருக்கிறது, நெட் பெட்டி இல்லை. கரண்ட் போனாலும் பை 192.168.1.7 என்ற தன் எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதைப் பல சின்னப் பெட்டிகள் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். அணைந்து எழுந்தால் அந்தக் கணக்கு போய்விடும். மீண்டதும், முதலில் கேட்ட கைப்பேசிக்கு அதே 192.168.1.7ஐ எடுத்துக் கொடுத்தால்? ஒரே எண்ணில் இரண்டு சாதனங்கள். பை ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. ஆளை அலைக்கழிக்கும் கோளாறு இது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பையை முழுதாக அணைத்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்து 'பிங்' என்று அடித்துப் பையின் எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் அந்த எண்ணில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வராமல் இருப்பதை மட்டும் வைத்து எண் காலியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. சில கைப்பேசிகள் தூங்கும்போது பதில் சொல்லாது.

பெட்டி, இரண்டாவது ரவுட்டர், பை மூன்றையும் ஒரே காப்பு மின்சாரத்தில் வைப்பது இதற்கு நல்ல வழி. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கினால் ஒன்றைப் பாருங்கள்: பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், பைக்கு 5. 12 வோல்ட்டைப் பைக்குக் கொடுத்துவிட்டால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவைப்படாது.

சித்திரைத் திருவிழா நேரத்தில் வரும் கோளாறு வேறு வகை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உறவினர்கள் வந்து நிறைந்திருப்பார்கள், ஆளுக்கொரு கைப்பேசி, எல்லோரும் வைஃபை கடவுச்சொல் கேட்பார்கள். ரவுட்டரில் கொடுப்பதற்கான எண்களின் எல்லையை 192.168.1.100 முதல் 192.168.1.120 வரை என்று யாரோ சுருக்கி வைத்திருந்தால் அது நிரம்பிவிடும். அன்றைக்குப் பையை ஒருமுறை அணைத்து ஏற்றினால் அதற்கு இடம் இருக்காது. டிஹெச்சிபி பக்கத்தில் எல்லையை 200 வரை விரித்துவிடுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்

கீழே நெட்காரர் வைத்த ஃபைபர் பெட்டி. அதுவே ஒரு ரவுட்டர். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று நீங்கள் வாங்கி வைத்தது இன்னொன்று. கேபிள் டிவிக்காரரே நெட்டும் தரும் தெருக்களில் வயரை எந்தத் துளையில் மாட்டுவது என்பதைப் பொருத்த வந்த பையனின் அவசரம்தான் தீர்மானிக்கிறது.

மாடி ரவுட்டரின் வான் துளையில் (வெளியிலிருந்து நெட் உள்ளே வருவதற்கான துளை) வயர் மாட்டியிருந்தால் வீட்டுக்குள் இரண்டு வலைகள் உண்டாகிவிடும். கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று வைத்துக்கொள்வோம். பை மாடியில் இருந்தால் மாடியில் இருப்பவர்கள் அதைத் திறக்கலாம். கீழே கூடத்தில் டிவி பார்ப்பவரால் திறக்க முடியாது. ஆனால் பை கீழே இருந்தால் மாடியிலிருந்தும் திறக்கலாம். ஏனென்றால் மாடி ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போக விடும், வெளியிலிருந்து உள்ளே வர விடாது. அதற்குக் கீழ்வீடே வெளி. "அவருக்கு வருது, எனக்கு வரலை" என்ற சண்டை பல வீடுகளில் இதுதான்.

இரண்டு பக்கமும் 192.168.1 ஆகவே இருந்தால் இன்னும் மோசம். மாடி ரவுட்டருக்கு எது உள்ளே, எது வெளியே என்றே புரியாது. சில ரவுட்டர்கள் இதைக் கண்டு தம் எண்ணைத் தாமே மாற்றிக்கொள்ளும். காலையில் 192.168.1.1இல் திறந்த பக்கம் மதியம் வேறு எண்ணுக்குப் போனதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

வான் துளை வேண்டாம் என்று லேன் துளையில் மாட்டினால்? வலை ஒன்றாகிவிடும், ஆனால் மாடி ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைக்காமல் விட்டால் முகவரி தருபவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். பை கேட்கும்போது யார் முந்துகிறார்களோ அவர்கள் தருவதை எடுத்துக்கொள்ளும். மாடி ரவுட்டர் முந்தினால் "வெளியே போக என்னிடம் வா" என்று தன் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும். அதன் வான் துளையில் ஒன்றுமில்லை. ஆகவே ஐபி அழகாக இருக்கும், நெட் மட்டும் வராது. மறுபடி ஏற்றினால் சில சமயம் வரும். கண்டுபிடிக்க 'ஐபி ஆர்' என்று அடியுங்கள். 'டிஃபால்ட் வயா' என்று தொடங்கும் வரியில் இருக்கும் எண் கீழ்ப் பெட்டியின் எண்ணா என்று பாருங்கள்.

சரியான அமைப்பு இது: மாடி ரவுட்டரில் ஆக்ஸஸ் பாயின்ட் மோடு (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று, கீழ்ப் பெட்டி கொடுக்காத ஓர் எண்ணுக்கு மாற்றுங்கள். அப்புறம் அதன் டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாக வயரை லேன் துளையில் மாட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் அந்த ரவுட்டரின் பக்கத்துக்குள் திரும்பப் போவதே பாடாகிவிடும்.

வயர், வைஃபை இரண்டும் இருந்தால்

தவறில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஐபி ஆர்' இரண்டு 'டிஃபால்ட்' வரிகள் காட்டும், ஒவ்வொன்றின் கடைசியிலும் 'மெட்ரிக்' என்று ஓர் எண். நெட்வொர்க்மேனேஜரில் வயருக்கு 100, வைஃபைக்கு 600. குறைந்த எண்தான் வெல்லும். ஆகவே வயர் இருக்கும் வரை வெளியே போவது வயர் வழியாகத்தான். வைஃபையின் எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டு, ஒருநாள் வைஃபையை அணைத்துவிட்டு "பை போச்சு" என்று சொல்லாதீர்கள். எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்கு வயர் ஒன்றே போதும் என்பது என் கருத்து. வைஃபை அமைப்பைச் சேமித்து வைத்துவிட்டு, தானாக இணைவதை மட்டும் நிறுத்திவிடலாம்.

முகவரி இருக்கிறது, நெட் இல்லை

பையிலிருந்து வரிசையாக மூன்று பிங். முதலில் ரவுட்டரின் எண்ணுக்கு. பதில் இல்லை என்றால் சிக்கல் வீட்டுக்குள். அடுத்து 8.8.8.8க்கு. இங்கே நின்றால் நெட்காரர் பக்கம், அல்லது மேலே சொன்ன தவறான 'டிஃபால்ட்'. மூன்றாவதாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

பையிலேயே பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருளைப் போட்டு வீடு முழுவதற்கும் அதை டிஎன்எஸ் ஆக வைத்திருப்பவர்கள் இங்கே கவனியுங்கள். பையின் ஐபி ஒருநாள் மாறினால் ரவுட்டர் இன்னும் பழைய எண்ணையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டில் எந்தக் கைப்பேசியிலும் நெட் வராது. நெட்காரருக்குப் போன் போகும், அவர் வந்து பார்த்து "எங்க லைன் நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் சொல்வது உண்மை. அவசரத்துக்கு ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றி வீட்டை அமைதிப்படுத்திவிட்டு, பிறகு நிதானமாகப் பையைப் பாருங்கள்.

எல்லா பிங்குக்கும் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் சான்றிதழ் பிழை காட்டுகிறதா? 'டேட்' என்று அடித்துத் தேதியைப் பாருங்கள். பை 4 வரை உள்ள பலகைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. பை 5இல் சில்லு உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போய் எழுந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து பை தொடங்கும், நெட்டிலிருந்து சரியான நேரம் வந்த பிறகுதான் திருந்தும்.

எண்ணை நிலையாக வைப்பது

இரண்டு வழிகள். ரவுட்டரில் ஒதுக்கி வைப்பது ஒன்று. பையிலேயே எழுதி வைப்பது இன்னொன்று. ரவுட்டரில் ஒதுக்குவதையே பரிந்துரைப்பேன். நாளைக்கு நெட்காரரை மாற்றி 192.168.29 வந்தாலும் பை தானாகப் புதிய எண்ணை எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். பையில் எழுதி வைத்தால் அது பழைய எண்ணோடு யாருக்கும் எட்டாமல் நிற்கும், மறுபடி டிவியில் மாட்ட வேண்டும்.

ரவுட்டர் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டேடிக் டிஹெச்சிபி' என்ற இடத்தைத் தேடுங்கள். 'ஐபி ஏ' பட்டியலில் 'லிங்க் ஈதர்' என்ற சொற்களுக்குப் பின்னால் இருக்கும் மேக் முகவரியைக் கொடுத்து, வேண்டிய எண்ணைக் கொடுங்கள். வயருக்கு ஒதுக்கினால் வயருக்கு மட்டும்தான். வைஃபைக்கும் வேண்டுமென்றால் தனியாக இன்னொரு வரி, இன்னொரு எண். பிறகு பையை ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள்.

ரவுட்டரின் கடவுச்சொல்லை நெட்காரர் தரமாட்டேன் என்கிறாரா? அப்போது இரண்டாவது வழி. இங்கேதான் இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளும் காணொளிகளும் ஆளைக் கவிழ்க்கும். பழைய பை மென்பொருளில் டிஹெச்சிபிசிடி என்ற நிரலின் கோப்பில் நான்கு வரி எழுதினால் போதும். 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்த வேலை நெட்வொர்க்மேனேஜருக்குப் போய்விட்டது. அந்தக் கோப்பில் எவ்வளவு எழுதினாலும் யாரும் படிக்கமாட்டார்கள். இன்னும் பழைய குறிப்பைப் பார்த்து 'இன்டர்ஃபேஸஸ்' என்ற கோப்பில் ஈத்0 பற்றி எழுதிவிட்டால் வேறு வினை: இது வேறொருவர் பொறுப்பு என்று நெட்வொர்க்மேனேஜர் அந்த ஜாக்கைக் கைகழுவிவிடும். 'என்எம்சிஎல்ஐ டி' என்று அடிக்கும்போது ஈத்0க்கு நேரே 'அன்மேனேஜ்டு' என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

புதிய முறையில் 'சூடோ என்எம்டியுஐ' என்று அடியுங்கள். நீலப் பட்டியல் வரும். 'எடிட் எ கனெக்‌ஷன்' உள்ளே போய் வயர் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஐபிவி4 என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்பதை மேனுவல் ஆக்குங்கள். முகவரியில் 192.168.1.240/24 என்று எழுதுங்கள். அந்தச் சாய்கோடும் 24ம் கட்டாயம்; விட்டுவிட்டால் 32 என்று எடுத்துக்கொண்டு, தன்னைத் தவிர இந்த வலையில் யாருமில்லை என்று பை நினைத்துவிடும். கேட்வே என்ற இடத்தில் ரவுட்டரின் எண். டிஎன்எஸ் இடத்தில் ரவுட்டரின் எண்ணோ 1.1.1.1ஓ. சேமித்துவிட்டு, 'ஆக்டிவேட் எ கனெக்‌ஷன்' பக்கத்தில் அந்த இணைப்பை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்குங்கள். 240 என்று உயரமான எண்ணைச் சொன்னதற்குக் காரணம், ரவுட்டர்கள் பெரும்பாலும் சின்ன எண்களிலிருந்து கொடுத்துக்கொண்டு வரும். அங்கே மோதல் வாய்ப்பு குறைவு. எழுதுவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு பிங் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் பதிவேட்டைப் படியுங்கள்: 'ஜர்னல்சிடிஎல்', இடைவெளி, சிறு கோடு, யூ, இடைவெளி, 'நெட்வொர்க்மேனேஜர்'. இந்தப் பெயரில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்து. டிஹெச்சிபி 'டைம்அவுட்' என்று வரிவரியாக வந்தால் ரவுட்டர் பேசவில்லை. 'சீக்ரெட்ஸ்' பற்றிப் பேசினால் வைஃபை கடவுச்சொல் தவறு.

வெளியூரிலிருந்து திறப்பது

வீட்டுக்குள் எல்லாம் சரி, சென்னையில் இருக்கும் மகள் படங்களைப் பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு முகவரி வருகிறது: ரவுட்டரின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸின் முகவரி. ரவுட்டர் பக்கத்தில் வான் நிலவரத்தைப் பாருங்கள். அங்கே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், அல்லது "என் ஐபி என்ன" என்று காட்டும் தளங்கள் வேறு எண் சொன்னால், நெட்காரர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பைக்குத் திருப்பிவிடுவது) செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்த இணைப்பு உங்கள் வாசல் வரை வரவே வராது. தனிப் பொது முகவரியை நெட்காரரிடம் கட்டணம் கட்டி வாங்கலாம். ஐபிவி6 வந்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அல்லது வெவ்வேறு இடங்களில் இருக்கும் சாதனங்களை ஒரே தனி வலையில் சேர்க்கும் டெயில்ஸ்கேல் மாதிரி மென்பொருள் ஒன்றைப் பையிலும் மகளின் கைப்பேசியிலும் போட்டுவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்குக் கடைசி வழிதான் எளிது.

ஆனால் அதைப் போட்ட பிறகு 'ஐபி ஏ' பட்டியலில் 'டெயில்ஸ்கேல்0' என்று புதிதாக ஓர் இன்டர்ஃபேஸ் நிற்கும், அதன் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். நெட்காரர் பங்கிடும் எண்களின் எல்லைக்குள்ளிருந்துதான் டெயில்ஸ்கேலும் எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை. மகளுக்கு அனுப்ப வேண்டிய எண் இது. கூடத்து டிவியில் போட வேண்டியது பழைய 192.168தான்.